கரையிறங்க ஒரு பாஸ்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் சூடுபிடிக்கும் நேரத்தில் தெற்கே திரும்பிப் பார்த்தால், சென்னைத் துறைமுகத்தின் பாரதி டாக் பக்கம் நிற்கும் கன்டெய்னர் கப்பல்களின் விளக்குகள் தெரியும். ராட்சதக் கிரேன்கள் பெட்டிகளைத் தூக்கி இறக்கிக்கொண்டிருக்கும். அப்படி ஒரு கப்பலில் இருபது, இருபத்தைந்து பேர் வேலை செய்வார்கள். பிலிப்பைன்ஸ்காரர், உக்ரைன்காரர், மியான்மர்காரர், இந்தோனேசியர் எனப் பல நாட்டவர். சில நேரம் நம் தூத்துக்குடிக்காரர் ஒருவரும் இருப்பார். மாதக்கணக்கில் தண்ணீரையே பார்த்துப் பழகிய அவர்களுக்கு ராயபுரத்தின் மாடிகளும் தேவாலயக் கோபுரங்களும் கண்ணுக்கு நேராகத் தெரிகின்றன. ஆனாலும் அவர்களில் பலர் சென்னை மண்ணை மிதிக்காமலேயே அடுத்த துறைமுகத்துக்குப் போய்விடுகிறார்கள்.

முன்பு இப்படி இல்லை. சரக்கை மூட்டை மூட்டையாகத் தூக்கி இறக்கிய நாட்களில் ஒரு கப்பல் வாரக்கணக்கில் துறைமுகத்தில் நிற்கும். கப்பல்காரர்கள் கேட்டைத் தாண்டி வடக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்தால் எதிரே கடைகள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969-இல் உருவான பர்மா பஜார், வெளிநாட்டுச் சாமான்களுக்குப் பேர்போனது துறைமுகத்தின் வாசலில் இருந்ததால்தான். 1983-இல் சென்னையில் கன்டெய்னர் முனையம் வந்தது. பெட்டி வந்த பிறகு கப்பலின் கணக்கு நாளிலிருந்து மணிக்கு மாறியது. இன்று வந்த கப்பல் நாளை போய்விடும். கப்பல் நிற்கும் நேரம் சுருங்கியபோது, மாலுமி கரையில் நடக்கும் நேரமும் சுருங்கியது. அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

சரக்கின் வேகத்தை எவராலும் திருப்ப முடியாது. ஆனால் கப்பல் நிற்கும் அந்தச் சொற்ப நேரத்தில் மாலுமி கரையிறங்குவதற்கு இருக்கும் விதிகளும் நடைமுறையும் நம் கையில் இருக்கின்றன. அங்கேதான் வடசென்னைக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது.

வடசென்னைக் கடற்கரையில் இப்போது மூன்று துறைமுகங்களுக்கு வெளிநாட்டுக் கப்பல்கள் வருகின்றன. ராஜாஜி சாலையை ஒட்டிய பழைய சென்னைத் துறைமுகம். அதற்கு வடக்கே ஏறத்தாழ 24 கிலோமீட்டரில், அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதற்கென்று 2001-இல் திறக்கப்பட்டு, பிறகு காமராஜர் பெயரைப் பெற்ற எண்ணூர்த் துறைமுகம். அதற்கும் வடக்கே, எல் அண்ட் டி கட்டி 2018-இல் அதானி குழுமத்துக்குப் போன காட்டுப்பள்ளி. சென்னைச் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளின் கார்கள் எண்ணூரில் கப்பலேறி உலகமெல்லாம் போகின்றன. காசிமேட்டுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர்களைத் திட்டாத வடசென்னைக்காரர் கிடையாது. அந்த டிரெய்லர்கள் கொண்டுவரும் பெட்டியைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்களைத்தான் இந்த ஊர் பார்ப்பதே இல்லை.

நடைமுறை என்னவென்று பார்ப்போம். கப்பல் வருவதற்கு முன்பே அதன் உள்ளூர் ஏஜென்ட், பணியாளர் பட்டியலைக் குடியேற்றத் துறைக்கு அனுப்பிவிடுகிறார். பெயர், பிறந்த தேதி, நாடு, பாஸ்போர்ட் எண் எல்லாம் அதில் இருக்கும். கப்பல் துறையில் கட்டப்பட்டதும் அதிகாரிகள் ஆளையும் ஆவணத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கரையில் சற்று நேரம் நடந்துவிட்டு வர விரும்புகிறவருக்கு ஷோர் லீவ் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு. குறித்த நேரத்துக்குள் அவர் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புகிறவர், அதாவது சைன் ஆஃப் ஆகிறவர், விமான நிலையம் வரை நாட்டுக்குள் பயணம் செய்ய வேண்டும். அவருக்கு வேறு விதி. உடம்பு சரியில்லாமல் இறங்குகிறவருக்கு இன்னொரு வழி. இந்த மூன்றும் ஒன்றல்ல. முதல் வகைக்காரர் இந்தியாவுக்குள் குடியேற வந்தவரும் அல்ல, சுற்றுலா வந்தவரும் அல்ல. வேலைக்கு இடையே நாலு மணி நேரம் தரையில் நிற்க ஆசைப்படுகிறவர்.

அந்த நாலு மணி நேரம் எப்படிக் கரைகிறது என்று கணக்குப் போட்டால் விஷயம் புரியும். கப்பலில் பலருக்கும் நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு என்ற முறை. துறைமுகத்தில் நிற்கும்போது சரக்குக் கண்காணிப்பு, எரிபொருள் ஏற்றுதல், ஆய்வாளர்களுக்குப் பதில் சொல்லுதல் என்று வேலை கூடுமே தவிரக் குறையாது. ஓய்வு கிடைக்கிற நேரத்தில் பாஸ் கைக்கு வர வேண்டும். வந்தாலும் கப்பலிலிருந்து இறங்கும் படியான கேங்வேயிலிருந்து துறைமுக வாசலுக்கு நடந்துபோக அனுமதி கிடையாது. பெட்டி வண்டிகள் ஓடும் இடத்தில் நடப்பது உயிருக்கு ஆபத்து என்பதால் அந்தத் தடை சரியானதே. ஆக, ஒரு வேன் வேண்டும். பழைய துறைமுகமாக இருந்தால் வாசலைத் தாண்டியதும் பாரிமுனை. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் வாசலைத் தாண்டினால் உப்பளமும் சாம்பல் குட்டையும் காலி நிலமும்தான். கடைத்தெரு என்று சொல்லத்தக்க இடத்துக்கு வருவதற்கே வாடகை வண்டி பிடிக்க வேண்டும், லாரி நெரிசலில் காத்துக் கிடக்க வேண்டும். திரும்பும் நேரத்தை நினைத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பாஸ் சட்டைப்பையில் இருந்தும் இறங்காமல் கேபினிலேயே படுத்துவிடுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

இது சலுகை சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சர்வதேசச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கடல் போக்குவரத்தை எளிதாக்குவதற்கான 1965-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா ஓர் உறுப்பினர். கப்பல் நுழைவுச் சடங்குகள் முடிந்த பின், பொதுச் சுகாதாரம், பாதுகாப்பு, ஒழுங்கு ஆகியவற்றுக்கு இடையூறு இருந்தால் ஒழிய மாலுமியைக் கரையிறங்க விட வேண்டும் என்கிறது அது. அதற்காக அவரிடம் விசா கேட்கக் கூடாது என்றும் சொல்கிறது. 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. நாடு, இனம், நிறம், பாலினம், மதம், அரசியல் கருத்து பார்த்து மறுக்கக் கூடாது. மறுத்தால் மாலுமிக்கும் கேப்டனுக்கும் காரணம் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்டால் அதை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006. மாலுமியின் உடல்நலத்துக்காகவும் மனநலத்துக்காகவும் கரைவிடுப்பு தரப்பட வேண்டும் என்று அது விதிக்கிறது. இன்னொன்று, மாலுமிகளின் அடையாள ஆவணம் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 185-ஆவது உடன்படிக்கை. இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு உலகமே கதவைச் சாத்திக்கொண்டபோது, 'நம்பகமான அட்டையைக் கொடுக்கிறோம், கதவைத் திறங்கள்' என்ற பேரத்தில் 2003-இல் பிறந்தது இது. இந்த இரண்டையும் இந்தியா 2015 அக்டோபரில் ஏற்றது. 2019 பிப்ரவரியில் முகப் பதிவு கொண்ட மாலுமி அடையாள அட்டையை வெளியிட்டு, உலகிலேயே முதல் நாடு நாம்தான் என்று அரசு பெருமையோடு அறிவித்தது. பெருமைக்குரிய காரியம்தான். மறுப்பதற்கில்லை.

இந்தியா ஏன் இதில் இவ்வளவு அக்கறை காட்டியது? உலகக் கப்பல்களில் சுமார் 19 லட்சம் பேர் வேலை செய்வதாகச் சர்வதேசக் கப்பல் உரிமையாளர் அமைப்புகள் 2021-இல் கணக்கிட்டன. அவர்களை அதிகம் அனுப்பும் முதல் ஐந்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வெளிநாட்டுத் துறைமுகங்களில் 'இறங்காதே' என்று நிறுத்தப்படுகிறவர்களில் நம் பிள்ளைகள் ஏராளம்.

2024 மார்ச் 26 அதிகாலை அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். டாலி என்ற கன்டெய்னர் கப்பல் மின்சாரம் இழந்து ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தில் மோத, பாலம் சரிந்து, அதன்மேல் சாலைப் பணியில் இருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். கொழும்புக்குப் புறப்பட்ட கப்பல் அது. அதில் இருந்த 21 பேரில் 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர். கப்பல் விபத்து உலகச் செய்தியானது. அதற்குப் பிறகு அந்த 21 பேருக்கு நேர்ந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

அவர்கள் வாரக்கணக்கில் அந்தக் கப்பலிலேயே இருந்தார்கள். விசாரணை ஒரு காரணம். விசாவும் கரையிறங்கும் அனுமதியும் இல்லாதது இன்னொரு காரணம். புலனாய்வு அதிகாரிகள் அவர்களுடைய கைப்பேசிகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்குப் பேச வழியில்லை, வங்கிக் கணக்கைப் பார்க்க வழியில்லை. மே 13 அன்று கப்பலின் மேல் கிடந்த பாலத்தின் இரும்புச் சட்டகத்தை வெடிவைத்துத் தகர்த்தபோதும் அவர்கள் கப்பலுக்குள்ளேயே இருந்தார்கள். வெடி வைக்கும் கட்டடத்தின் அக்கம்பக்கத்து வீடுகளைக்கூடக் காலி செய்யச் சொல்வது உலக வழக்கம். இங்கே ஆட்களை உள்ளே வைத்துக்கொண்டே வெடித்தார்கள். ஜூன் மூன்றாவது வாரத்தில், நீதிமன்றத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின் பேரில்தான் அவர்களில் எட்டுப் பேர் ஊருக்குக் கிளம்ப முடிந்தது. அமெரிக்கா 185-ஆவது உடன்படிக்கையையும் ஏற்கவில்லை, கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையையும் ஏற்கவில்லை. மாலுமி கரையில் கால் வைக்க அங்கே தனி விசா வேண்டும்.

சீனாவில் நடந்ததும் குறைந்ததல்ல. 2020-இல் ஆஸ்திரேலிய நிலக்கரியோடு போன ஜக் ஆனந்த், அனஸ்டாசியா என்ற இரு கப்பல்கள் மாதக்கணக்கில் சீனக் கரையோரம் நங்கூரமிட்டு நின்றன. சரக்கை இறக்கவும் விடவில்லை, ஆட்களை மாற்றவும் விடவில்லை. இரண்டிலும் சேர்த்து 39 இந்தியர்கள். அவர்களுடைய குடும்பங்கள் தில்லியில் ஒவ்வொரு கதவாகத் தட்டின. கடைசியில் 2021 தொடக்கத்தில்தான் அவர்கள் வீடு திரும்ப வழி பிறந்தது. ஜக் ஆனந்த் ஜப்பானுக்குப் போய் அங்கே ஆட்களை மாற்றிக்கொண்டது. அது கொரோனா காலம். 2020-இன் பிற்பகுதியில் உலகம் முழுவதும் சுமார் நான்கு லட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் கப்பலிலேயே இருந்தார்கள் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு சொன்னது. அவர்கள் கொண்டுவந்த கோதுமையும் எண்ணெயும் மருந்துமூலப் பொருளும் தடையின்றி எல்லா நாட்டிலும் இறங்கின.

இன்னும் பின்னால் போனால், இந்திய மாலுமிகள் பட்ட பாடு நூற்றாண்டுக் கதை. லஸ்கர் என்று அழைக்கப்பட்ட அவர்கள் பிரிட்டிஷ் கப்பல்களின் அடித்தளத்தில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1925-இல் பிரிட்டன், நிறம் பார்த்து மாலுமிகளைக் காவல் நிலையத்தில் பதியச் சொல்லி ஓர் ஆணை போட்டது. பிரிட்டிஷ் குடிமக்களாகவே இருந்தும் அதை நிரூபிக்கக் காகிதம் இல்லாததால், எத்தனையோ இந்தியர்கள் அந்நியர்களாகப் பதியப்பட்டார்கள். அதே பிரிட்டன் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில், கப்பல் கிளம்பும்வரை மாலுமி தனி அனுமதி இல்லாமலே கரையில் இருக்கலாம் என்று எழுதியது. நாடுகள் மாற முடியும் என்பதற்கு இது போதும்.

நம் ஆட்களைக் கரையிறங்க விடு என்று வாஷிங்டனிடமும் பெய்ஜிங்கிடமும் கேட்கிற நாடு, எண்ணூரில் நிற்கும் பிலிப்பைன்ஸ்காரரிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை உலகம் கவனிக்கும். கேட்கும் தகுதி அங்கிருந்துதான் வருகிறது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். கடல் வழியாகத்தானே மும்பைத் தாக்குதல்காரர்கள் வந்தார்கள்? 2008 நவம்பர் 26-ஐ மறந்துவிட்டுக் கதவைத் திறக்கச் சொல்வதா? கேட்க வேண்டிய கேள்வி. பதிலும் அந்த நாளிலேயே இருக்கிறது. அந்தப் பத்துப் பேரும் எந்தத் துறைமுகத்தின் வாசல் வழியாகவும் வரவில்லை. குபேர் என்ற இந்திய மீன்பிடிப் படகைக் கடத்தி, அதில் இருந்தவர்களைக் கொன்று, கடைசியில் ரப்பர் படகில் ஏறி மும்பையின் மீனவர் குடியிருப்பு ஓரம் கரையேறினார்கள். 'நீங்கள் யார்' என்று முதலில் அவர்களைக் கேட்டவர்களும் அங்கிருந்த மீனவர்கள்தான். அதற்குப் பிறகு கடற்கரை நெடுகிலும் மீனவர்களுக்குக் கைரேகை பதித்த அடையாள அட்டை வந்தது. காசிமேட்டில் விசைப்படகு ஏறுகிறவர் இன்று அட்டையோடுதான் போகிறார். நாட்டின் பாதுகாப்புக்காக அந்தச் சுமையை அவர்கள் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டார்கள்.

துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் மாலுமியோ, வருவதற்கு முன்பே பெயரும் முகமும் பாஸ்போர்ட்டும் அதிகாரிகள் கையில் இருக்கும் ஆள். அவர் திரும்பாவிட்டால் பதில் சொல்ல ஏஜென்ட் இருக்கிறார், கேப்டன் இருக்கிறார், கோடிக்கணக்கில் மதிப்புள்ள கப்பலே பிணையாக நிற்கிறது. நகரத்தில் நடமாடும் அந்நியர்களில் அவரைவிட நன்றாக அறியப்பட்டவர் யாரும் இருக்க முடியாது. கடத்தல் நடக்கிறது, போதைப்பொருள் பிடிபடுகிறது, ஒளிந்து ஓடுகிறவர்களும் உண்டு. அதற்கு ஆளைப் பார்த்து, தகவலை வைத்துச் சோதிக்க வேண்டும். சோதனைக்கு நேரமில்லை என்பதற்காகக் கப்பலில் உள்ள எல்லாரையும் உள்ளேயே இருக்கச் சொல்வது பாதுகாப்பு ஆகாது. துறைமுகப் பாதுகாப்புக்காக 2004-இல் உலகம் முழுக்க அமலான ஐ.எஸ்.பி.எஸ். விதித்தொகுப்பே, மாலுமிகளின் கரைவிடுப்பை எளிதாக்கும் ஏற்பாடு ஒவ்வொரு துறைமுகத்தின் பாதுகாப்புத் திட்டத்திலும் இருக்க வேண்டும் என்கிறது.

சட்டம் இப்போது புதிதாகியிருக்கிறது. குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025, செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1920-இன் பாஸ்போர்ட் நுழைவுச் சட்டம், 1939-இன் பதிவுச் சட்டம், 1946-இன் வெளிநாட்டவர் சட்டம், 2000-இன் போக்குவரத்து நிறுவனங்களின் பொறுப்புச் சட்டம் ஆகிய நான்கும் போய், அவற்றின் இடத்தில் இது வந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் காகிதங்களை ஒழுங்குபடுத்தியது நல்லதே. செல்லத்தக்க பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லாமல் நுழைந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். நுழைவு மறுக்கப்பட்டவரை உடனே திருப்பி அழைத்துப் போகும் பொறுப்பு கப்பல் அல்லது விமான நிறுவனத்துக்கு. இவ்வளவு கடுமை இருக்கும்போது ஏஜென்ட்டுகளும் கேப்டன்களும் வம்பு எதற்கு என்று ஆட்களை இறக்காமலே விட்டுவிடும் அபாயமும் இருக்கிறது.

இதில் உடனே கவனிக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. தேசப் பாதுகாப்பு போன்ற காரணங்களால் ஒருவரை அனுமதிப்பதா இல்லையா என்பதில் குடியேற்ற அதிகாரியின் முடிவே இறுதியானது என்கிறது புதிய சட்டம். எல்லையில் நிற்கும் அதிகாரிக்கு அந்த அதிகாரம் தேவைதான். ஆனால் மறுப்புக்குக் காரணத்தைக் கேட்டால் எழுத்தில் கொடுப்பதாக நாம் உலகத்திடம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். இரண்டும் ஒன்றுக்கொன்று முட்ட வேண்டிய அவசியம் இல்லை. கரைவிடுப்பு மறுக்கப்பட்டால் இன்ன காரணம் என்று ஒரு வரி, அதிகாரியின் கையெழுத்து, தேதி, நேரம். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. உள்துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.

காகிதத்தின் வேகம் மனிதர்களை எப்படி வதைக்கும் என்பதைத் தமிழ்நாடு கண்ணால் பார்த்திருக்கிறது. 2013 அக்டோபரில் சீமேன் கார்டு ஓகையோ என்ற கப்பலைக் கடலோரக் காவல் படை தூத்துக்குடிக்கு அழைத்து வந்தது. கடற்கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காக்கும் ஆயுதக் காவலர்கள் 25 பேரும் கப்பல் பணியாளர்கள் 10 பேரும் அதில் இருந்தார்கள். பிரிட்டன், எஸ்டோனியா, உக்ரைன், இந்தியா என்று நான்கு நாட்டவர். துப்பாக்கிகள் இருந்ததால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. அது குடியேற்ற வழக்கு அல்ல. அனுமதியின்றி ஆயுதம் எங்கள் கடலில் வந்ததா என்று அரசு கேட்டதிலும் தவறில்லை. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. 2017 நவம்பர் 27 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனைவரையும் விடுவித்தது. காசிமேட்டிலிருந்து அதிக தூரமில்லாத புழல் சிறையில் இருந்த ஆறு பிரிட்டன்காரர்களை அவர்கள் நாட்டில் 'சென்னை சிக்ஸ்' என்றே அழைத்தார்கள். குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பு வருவதற்கு நான்கு ஆண்டுகள் ஆயின. விடுதலையான பிறகும் நாட்டைவிட்டுக் கிளம்ப டிசம்பர் ஆனது. நம் ஊரின் பெயர் உலகத்தின் வாயில் அப்படி ஒட்டிக்கொண்டதை நினைத்தால் வருத்தமாகவே இருக்கிறது.

விபத்தும் நோயும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எரிவாயுவை இறக்கிவிட்டுக் கிளம்பிய வெளிநாட்டுக் கப்பல் ஒன்று, டான் காஞ்சிபுரம் என்ற இந்திய எண்ணெய்க் கப்பல் ஒன்று. கசிந்த எண்ணெய் திருவொற்றியூர், காசிமேடு வரை கரையைக் கறுப்பாக்கியது. மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளியில் அள்ளிய காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. அன்று யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. வெளிநாட்டு மாலுமி ஒருவர் காயம்பட்டிருந்தால், அவரை ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுவர எத்தனை கையெழுத்துகள் தேவைப்பட்டிருக்கும்? 2025 ஜூனில் கண்ணூருக்கு அப்பால் வான் ஹாய் 503 தீப்பிடித்து எரிந்தபோது, மீட்கப்பட்ட 18 பேரை நம் கடற்படை மங்களூருக்குக் கொண்டுவந்து மருத்துவமனையில் சேர்த்தது. அவசரத்தில் நம்மால் முடிகிறது. அந்த வேகத்தைச் சாதாரண நாளின் நெஞ்சுவலிக்கும் குடல்வால் வலிக்கும் கொடுக்க வேண்டும். உடனடி மருத்துவம் தேவைப்படும் மாலுமியைத் தாமதமின்றி இறக்க வேண்டும் என்பது 2024 டிசம்பர் 23 முதல் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையிலேயே இருக்கிறது.

காசிமேட்டுக்காரர்களுக்கு இதைப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதில்லை. 2020 ஜூலையில் இங்கிருந்து பத்துப் பேரோடு போன ஒரு விசைப்படகு நடுக்கடலில் பழுதாகி, ஐம்பது நாளுக்கு மேல் தத்தளித்து, மியான்மர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. மீன் பிடிக்கப் போகிறவர் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டா போவார்? அந்த நாட்டுக் கடற்படை அவர்களை மீட்டது. அன்று காசிமேடு கையெடுத்துக் கும்பிட்டது, முன்பின் தெரியாத ஓர் அந்நியக் கரையை நோக்கி.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. கப்பல் வருவதற்கு முன்பே பட்டியல் கையில் இருப்பதால், சோதனையை முன்கூட்டி முடித்து, கப்பல் கட்டப்பட்ட உடனே பாஸ் தயாராக இருக்கும்படி செய்யலாம். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்றும் ஒரே கடற்கரையில் அடுத்தடுத்து இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே மாதிரியான நடைமுறையும், எந்த நேரமும் ஆள் இருக்கும் ஒரு பொது மேசையும் வேண்டும். இரவு பத்து மணிக்குக் கட்டப்படும் கப்பலின் மாலுமி, விடிந்த பிறகு வரும் அதிகாரிக்காகக் காத்திருக்கும் நிலை ஏற்படவே கூடாது.

வண்டி விஷயத்தில் அமெரிக்காவிடமிருந்தே கற்கலாம். விசாவில் அவ்வளவு கறாரான அந்த நாடு, 2019-இல் தன் கடலோரக் காவல் படை மூலம் ஒரு விதி கொண்டுவந்தது. கப்பலிலிருந்து துறைமுக வாசல் வரை மாலுமி போய்வர முனையமே ஏற்பாடு செய்ய வேண்டும். தாமதம் கூடாது, மாலுமியிடம் காசு வாங்கக் கூடாது. ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் நம் முனையங்களுக்கு ஒரு வேன் செலவு சுமையே அல்ல. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் அந்த வேன் வாசலோடு நிற்காமல் திருவொற்றியூர் மெட்ரோ நிலையம் வரை வர வேண்டும். மெட்ரோ ஏறினால் நகரம் அவர்களுக்குத் திறந்துவிடும். ஒரு சிம் கார்டு, வீட்டுக்கு ஒரு வீடியோ அழைப்பு, சூடாக ஒரு சாப்பாடு, பிள்ளைக்கு ஒரு சட்டை. அவர்கள் கேட்பது பெரும்பாலும் இவ்வளவுதான். மாலுமிகளுக்காகத் திருச்சபைகள் நடத்தும் சேவை மையங்களின் வண்டிகளையும் கேங்வே வரை அனுமதிக்கலாம். உலகின் பெரிய துறைமுகங்களில் அது அன்றாட நடைமுறை.

கைவிடப்பட்ட கப்பல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சம்பளம் தராமல், டீசல் தராமல் உரிமையாளர் ஓடிப்போக, ஆட்கள் கப்பலோடு நிற்கும் கொடுமை அதிகரித்துவருகிறது. 2024-இல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 பேர் இப்படிக் கைவிடப்பட்டார்கள் என்று சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு பதிவு செய்தது. அவர்களில் அதிகம் இந்தியர், 899 பேர். எங்கோ ஓர் அந்நியத் துறைமுகத்தில், 'கப்பலைவிட்டு இறங்கினால் சட்டவிரோதம்' என்று சொல்லப்பட்டு, குடிதண்ணீருக்குக் கையேந்தி நிற்கிறவர்கள் அவர்கள். அப்படி ஒரு கப்பல் நாளை சென்னை நங்கூரத் தளத்தில் நின்றால், அதன் மாலுமிகளை இறக்கி ஊருக்கு அனுப்பும் வழி நம் விதியில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் போய்த்தான் அதை வாங்க வேண்டும் என்ற நிலை கூடாது.

புதிய சட்டத்தின் கீழ் விதிகளும் ஆணைகளும் இன்னும் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். வடசென்னையின் நாடாளுமன்ற உறுப்பினரும், ராயபுரம், திருவொற்றியூர், பொன்னேரி சட்டமன்ற உறுப்பினர்களும், மூன்று துறைமுகங்களின் நிர்வாகங்களும், மாலுமிகள் சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து மத்திய உள்துறைக்கும் கப்பல் துறைக்கும் எழுத வேண்டிய நேரம் இது. கப்பல் கட்டப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் பாஸ், மறுத்தால் எழுத்தில் காரணம், வாசல் வரை காசில்லாத வண்டி. இந்த மூன்றையும் எண்ணூரில் முதலில் செய்துகாட்டுங்கள்.